குச்சியைக் குறை சொல்லாதீங்க

மாடித்தோட்டத்துல மல்லிகைக் குச்சி வேர் பிடிக்கலைன்னா, 'குச்சி சரியில்லை'ங்கிறாங்க. என்னைக் கேட்டா, வேர் ஊக்கி பாட்டில் எங்க இருந்ததுன்னு முதல்ல பாருங்க. ஜன்னலோரமா? அப்போ குச்சி மேல பழி போடாதீங்க.

ஐ.ஏ.ஏ. கரைசல் வெளிச்சம் பட்டாலே சிதையும். ஐ.பி.ஏ. கொஞ்சம் தாங்கும், அதற்கும் வெயிலும் சூடும் ஆகாது. பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், தேதி எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. மூடி இறுக்கமா இருக்கணும். ஆல்கஹாலில் கரைத்ததென்றால், அது ஆவியாக ஆக மருந்து கடுமையாகி அடிக்குச்சி கருகும்.

பாட்டிலுக்குள்ளேயே குச்சியை முக்காதீங்க. சிறு கிண்ணத்தில் ஊற்றி நனைங்க. மிச்சத்தைத் திரும்ப ஊத்தினா அழுக்கும் கிருமியும் சேர்ந்து முழு பாட்டிலும் கெடும்.

வருஷத்துக்குப் பத்து குச்சி நடுறவங்களுக்குப் பெரிய பாட்டில் எதுக்கு? சின்னதா வாங்குங்க.