ஆட்சி மாற்றமும் ஆள் தேர்வும்

திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. 52ஆம் அதிகாரம் ‘தெரிந்து வினையாடல்’. அவற்றை அடுத்து வருவது ‘சுற்றந்தழால்’. முதலாவது, ஒருவனைப் பதவிக்கு எடுக்குமுன் அவனை ஆராயும் வகை கூறுவது. இரண்டாவது, எடுத்தபின் அவனிடம் வினையை ஒப்படைக்கும் வகையையும், ஒப்படைத்தபின் அவனை இடைவிடாது கண்காணிக்கும் வகையையும் கூறுவது. மூன்றாவது, உறவினரைப் பேணும் முறை கூறுவது. வகுப்பறையிலே இவற்றை நாம் தனித்தனியே கற்பித்து, தனித்தனியே வினாக்கள் எழுப்பி, புள்ளிகளும் இட்டுவிடுகின்றோம். ஆயின், இவை அமைந்துள்ள வரிசையிலேயே ஓர் அரசியல் உண்மை அடங்கியிருக்கின்றது. உறவினரைத் தழுவிக்கொள்வது வேறு. அரச கருமத்தை ஒருவரிடம் ஒப்படைப்பது வேறு. ஆதலினாலேயே இவ்விரண்டும் இரு வேறு அதிகாரங்களாயின என்று கொள்வது தவறாகாது.

இவ்வுண்மையை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டிலே ஒவ்வொரு தேர்தலும் ‘மாற்றம்’ என்ற ஒரே சொல்லின்மேல் நடைபெற்று வருகின்றது. வாக்குறுதிகளை அளந்தறிவது எளிதன்று. பொருளாதாரம் சீர்பட ஆண்டுகள் பல செல்லும். இனப் பிரச்சினை தீர ஒரு தலைமுறையும் போதாது போகலாம். ஆனால், புதிய தலைவர் யாரை எப்பதவியில் அமர்த்துகிறார் என்பதை அறிய நாம் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. மேடையிற் சொன்ன சொல்லுக்கும் மேசையில் இட்ட கையொப்பத்துக்கும் இடையே உள்ள தூரத்தை முதல் மாதத்திலேயே அளந்துவிடலாம். எனினும், அவ்வாறு அளப்பதற்கு எந்த அளவுகோலைக் கைக்கொள்வது என்பதிலேதான் நம்மவர் பெரும்பாலும் தவறிவிடுகின்றனர் என்பது எமது கருத்து. இதனை விளக்க 2015ஆம் ஆண்டின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

2014 நவம்பரிலே, மகிந்த ராஜபக்ஷவின் அமைச்சரவையிலிருந்து வெளியேறிய திரு. மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளரானார். அப்போது சனாதிபதியின் ஒரு சகோதரர் பாதுகாப்புச் செயலாளர்; மற்றொருவர் பொருளாதார அபிவிருத்தி அமைச்சர்; இன்னொருவர் சபாநாயகர். ஒரு குடும்பத்தின் ஆட்சிக்கு முடிவு கட்டுதல், ஊழலை ஒழித்தல், நல்லாட்சியை நிலைநாட்டுதல் என்பனவே புதிய வேட்பாளரின் முழக்கங்களாக இருந்தன. 2015 ஜனவரி 8ஆம் நாள் நடந்த தேர்தலில் யாழ்ப்பாண மாவட்ட மக்கள் நூற்றுக்கு 74 பேர் என்ற அளவில் அவருக்கு வாக்களித்தனர். வாக்களித்தவர்கள் அவரை நன்கு அறிந்து வாக்களித்தவர்கள் அல்லர். மாற்றம் வேண்டி வாக்களித்தவர்கள்.

முதல் நியமனங்கள் நம்பிக்கை ஊட்டின என்பதை மறுத்தலாகாது. வட மாகாணத்திலே 2009 முதல் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற படைத் தளபதி ஒருவர். சிவில் நிருவாகத்தைச் சேர்ந்தவரே ஆளுநராக வேண்டும் என்பது தமிழ் மக்களின் நெடுநாட் கோரிக்கை. ஜனவரி மாதத்திலேயே முன்னாள் வெளியுறவுச் செயலாளர் திரு. எச். எம். ஜி. எஸ். பாலிஹக்கார அப்பதவிக்கு வந்தார். கிழக்கிலும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியின் இடத்துக்குச் சிவில் சேவையாளர் திரு. ஒஸ்ரின் பெர்னாண்டோ நியமிக்கப்பட்டார். 2013இல் பதவி நீக்கப்பட்ட பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க மீண்டும் அமர்த்தப்பட்டு, மறுநாள் மதிப்புடன் ஓய்வு பெற்றார். அவரை அடுத்து, சேவை மூப்பின்படி திரு. க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். சொல்லும் செயலும் இங்கே ஒத்து நடந்தன.

ஆயின், அதே ஜனவரி மாதத்தில், அதே பேனாவினால், வேறு இரு நியமனங்களும் செய்யப்பட்டன. ஒன்று, மத்திய வங்கிக்குரியது. திரு. அர்ஜுன மகேந்திரன் அதன் ஆளுநரானார். அவருடைய மருமகன் தொடர்புற்றிருந்த நிறுவனம் ஒன்று, அதே வங்கி ஏலமிடும் அரச பிணைமுறிகளை வாங்கும் முதல்நிலை வணிகராக இருந்தது. பெப்ரவரி 27ஆம் நாள் நடந்த ஏலத்தில், 100 கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட முப்பதாண்டுப் பிணைமுறிகளுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ரூபா ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிய ஆட்சி தோன்றி ஐம்பது நாள்களே ஆகியிருந்தன. இதனை விசாரித்த சனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை கையளிக்கப்பட்டபோது 2017 டிசம்பர் 30 ஆகிவிட்டது. இந்நியமனம் பிரதமர் தரப்பின் விருப்பப்படி நடந்தது என்று பின்னாளிற் கூறப்பட்டது. விருப்பம் யாருடையதாயினும் கையொப்பம் சனாதிபதியுடையதே.

ஆளுநரின் கல்வித் தகைமையிலோ அனுபவத்திலோ இங்கே குறை காண்பதற்கில்லை. குறை, பதவிக்கும் உறவுக்கும் இடையே இருந்த தொடர்பை முற்கூட்டியே ஆராயாமையில் இருக்கின்றது. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்றது இதனைத்தான்.

மற்றொன்று இன்னும் வெளிப்படையானது. சனாதிபதியின் சகோதரர் ஒருவர் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் தலைவராக்கப்பட்டார். குடும்ப ஆட்சியை எதிர்த்து வென்ற ஒருவர், வென்ற மாதத்திலேயே தமது குடும்பத்தில் ஒருவருக்குப் பதவி அளித்தார். அச்சகோதரர் தகுதியுடையவராகவே இருந்திருக்கலாம். ஆனால், தகுதியுடைய சகோதரரை விலக்கிவைப்பதே அவர் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. ‘சுற்றந்தழால்’ அடுத்த அதிகாரம் என்பது மறக்கப்பட்டது.

ஓகஸ்ட் மாதத்துப் பொதுத் தேர்தலின் பின்னர் நிகழ்ந்தவை இதனினும் வருந்தத்தக்கன. மக்கள் வாக்களித்துத் தோற்கடித்த வேட்பாளர் பலர், தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். எஸ். பி. திசாநாயக்க, மகிந்த சமரசிங்க, லக்ஷ்மன் யாப்பா அபேவர்தன, திலங்க சுமதிபால முதலியோர் அவருட் சிலர். யாழ்ப்பாணத்தில் தோற்ற திரு. அங்கஜன் இராமநாதனும் அவ்வழியே சபை புகுந்தார். அவருட் சிலர் அமைச்சர்களும் ஆயினர். அறிஞரையும் துறை வல்லுநரையும் சபைக்குக் கொணர்வதற்கென்று பேசப்பட்ட பட்டியல், தோற்றவர்க்குப் புகலிடமாயிற்று. சட்டம் அதற்கு இடந்தந்தது உண்மை. சட்டம் இடந்தருவதெல்லாம் செய்யத்தக்கதாகுமா? அமைச்சரவை 30 பேருக்கு மேற்படலாகாது என அவ்வாண்டு ஏப்ரலில் நிறைவேறிய 19ஆவது திருத்தம் விதித்திருந்தது. ‘தேசிய அரசாங்கம்’ என்ற விதிவிலக்கைப் பயன்படுத்தி, செப்டெம்பரில் அவ்வெண்ணை 48 வரை உயர்த்தப் பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டது.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. புதிய சனாதிபதி தம் கட்சியிலேயே சிறுபான்மையினராக நின்றார். பழைய தலைவரின் செல்வாக்கு குன்றவில்லை. தமக்கு நம்பிக்கையானவர்களைச் சபையில் வைத்திராவிடின் ஆட்சியே நிலைத்திராது என்பதே அச்சமாதானம். இதிலே உண்மை இல்லாமல் இல்லை. அரசியல் என்பது வெறுங்கையுடன் முழம் போடும் காரியமன்று. ஆதரவு தந்தவரை முற்றாகக் கைவிட்டு எவராலும் ஆள இயலாது. பழைய முகங்கள் அனைத்தையும் விலக்கிவிட்டால் அனுபவமும் கூடவே விலகிவிடும் என்பதும் மெய்யே. ஆகையால், ‘பழையவரை நியமித்தார், எனவே வாக்குத் தவறினார்’ என்று கூறுவது அவசரத் தீர்ப்பாகும்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தப் பழையவர் அவர்தம் அனுபவத்துக்காக எடுக்கப்பட்டாரா, அன்றி ஒரு கடனைத் தீர்ப்பதற்காக எடுக்கப்பட்டாரா? தேர்தலிற் பட்ட கடனைப் பதவியினால் தீர்க்கத் தொடங்கிய தலைவருக்கு அக்கடன் ஒருபோதும் தீர்வதில்லை. இன்று பதவி பெற்றவர் நாளை பெரும் பதவி கேட்பார், பெறாதவர் பகைவராவார். 2015இல் தொடங்கிய கணக்கு இவ்வாறே வளர்ந்து, 2018 ஒக்டோபர் 26ஆம் நாள் உச்சம் அடைந்தது. அன்று மாலை, எவரை அகற்றுவதற்காக மக்கள் தமக்கு வாக்களித்தனரோ அவரையே, மகிந்த ராஜபக்ஷவையே, சிறிசேன பிரதமராக நியமித்தார். நவம்பர் 9ஆம் நாள் பாராளுமன்றத்தையும் கலைத்தார். வாக்குறுதிக்கும் நியமனத்துக்கும் இடையே இதனினும் பெரிய முரண்பாட்டை நமது நாட்டின் வரலாறு கண்டதில்லை.

அந்த நியமனத்தைத் தடுத்தது எது? தெருவில் எழுந்த குரல்கள் உதவின. சபையில் நின்ற பெரும்பான்மையும் உதவிற்று. ஆயினும், முடிவான தடை டிசம்பர் 13ஆம் நாள் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அளித்த தீர்ப்பிலிருந்தே வந்தது. பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்றது அத்தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு ஆதாரமாயிருந்தது, சிறிசேனவின் ஆட்சியிலேயே, அவருடைய பேராதரவுடனேயே நிறைவேறிய 19ஆவது திருத்தம். அத்திருத்தம் பாராளுமன்றத்தை நினைத்தவுடன் கலைக்கும் அதிகாரத்தைச் சனாதிபதியிடமிருந்து பறித்தது. உயர் பதவிகளுக்கு நியமனம் செய்யும் அதிகாரத்தையும் 10 பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துக்கு உட்படுத்தியது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் திரு. இரா. சம்பந்தன் அப்பேரவையில் அமர்ந்தார். கலாநிதி ஏ. ரி. ஆரியரத்தின, கலாநிதி ராதிகா குமாரசுவாமி, திரு. சிப்லி அஸீஸ் ஆகியோர் பாராளுமன்றத்துக்கு வெளியேயிருந்து வந்தனர். தீர்ப்பளித்த ஆயத்துக்குத் தலைமை வகித்த பிரதம நீதியரசரும் அப்பேரவையின் அங்கீகாரத்துடனேயே பதவிக்கு வந்தவர்.

இங்கேதான் நாம் தேடும் அளவுகோல் கிடைக்கின்றது. சிறிசேன செய்த நல்ல நியமனங்கள் அவரது மனம் மாறியபோது பயனற்றுப் போயின. அவரது தீய நியமனங்கள் நாட்டுக்குப் பெருநட்டம் விளைத்தன. ஆனால், தமது கையைத் தாமே கட்டிக்கொள்ள அவர் இணங்கிய அந்த ஒரு செயல், அவரிடமிருந்தே நாட்டைக் காத்தது. ஒரு தலைவர் மாற்றத்தை உண்மையாகவே விரும்புகிறாரா என்பதை அவர் நியமிக்கும் முகங்களைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. தமது நியமனத்தை மறுக்கும் உரிமையைப் பிறருக்கு அளிக்கிறாரா என்பதைக் கொண்டே அறிய வேண்டும்.

பேரவையின் அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் மருந்தாகும் என்று நாம் கூறவில்லை. 2016இல் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமனம் பெற்றவரே 2019 உயிர்த்த ஞாயிறன்று பொலிஸ் மா அதிபராக இருந்தார். அன்றைய பேரழிவைத் தடுக்கத் தவறியமைக்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவரையும் முன்னாள் சனாதிபதியையும் நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. நன்கு ஆராய்ந்து எடுத்தால் மட்டும் போதாது. எடுத்தபின் நாள்தோறும் ஆராயவும் வேண்டும். 51ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடாமல் வள்ளுவர் 52ஆம் அதிகாரத்தையும் எழுதியதன் பொருள் அதுவே.

இப்பேரவையின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. 2001இல் 17ஆவது திருத்தம் அதனைத் தோற்றுவித்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதனை அகற்றியது. 2015இல் மீண்டது, 2020இல் 20ஆவது திருத்தத்தினால் மறைந்தது, 2022இல் 21ஆவது திருத்தத்தினால் மறுபடியும் உயிர்பெற்றது. கட்டு அவிழ்க்கப்பட்ட காலங்களிலெல்லாம் ஆள்வோர் கூறிய காரணம் ஒன்றே: ‘வேகமாக வேலை செய்ய வேண்டும்.’ அந்த வேகம் 2022இல் நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதை எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்ற எவருக்கும் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

2024 செப்டெம்பரிலே மறுபடியும் மாற்றத்தின் பெயரால் திரு. அநுர குமார திசாநாயக்க தெரிவானார். நவம்பரில் 21 அமைச்சர்களுடன் அவரது அமைச்சரவை அமைந்தது. எண்ணிக்கையிற் சொல் காக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க அதிபராகப் பணியாற்றிய திரு. நா. வேதநாயகன் வட மாகாண ஆளுநரானது வரவேற்கப்பட்டது. முன்னைய ஆட்சியில் நியமிக்கப்பட்ட மத்திய வங்கி ஆளுநரே தொடர்ந்தமை சிலருக்கு ஏமாற்றமாயிற்று. கடன் மறுசீரமைப்பு நடந்துகொண்டிருந்த வேளையில் அதனைக் குறைகூற நாம் துணியோம். அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவர்கூட இடம்பெறாமை நியாயமான மனக்குறை. ஆளுங்கட்சி தெரிந்தெடுத்த சபாநாயகர், தமது கலாநிதிப் பட்டம் பற்றிய கேள்வி எழுந்து சில வாரங்களுக்குள் பதவி துறக்க நேர்ந்தது. ஆராயாமல் எடுத்தது பிழை. எடுத்தவரை விடாப்பிடியாகத் தாங்கி நிற்காமை நன்று.

இவற்றைக் கூட்டிக் கழித்து இறுதித் தீர்ப்பெழுத நாம் முனையவில்லை. ஆசிரியர்களிடத்தும் மாணவர்களிடத்தும் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த தேர்தலிலும் மாற்றத்தின் பெயரால் ஒருவர் நம்மூர் மேடையில் ஏறுவார். ‘யார் யாரை நியமிப்பீர்கள்?’ என்று அவரைக் கேட்டால் இனிய பெயர்கள் பல சொல்வார். நாம் கேட்கவேண்டியது அதுவன்று. ‘உங்கள் நியமனம் பிழையானால், அதனை மறுக்கும் உரிமையை யாருக்கு அளிப்பீர்கள்?’ என்று கேட்போம். அதற்கு அவர் தரும் விடையைக் குறித்துவைத்துக்கொண்டு வாக்களிப்போம்.