மனக்காயத்துக்கு ரசீது கேட்காதீர்கள்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். குற்றத்தால் மனம் உடைந்துபோனவர்களுக்குச் சட்டம் தரும் இழப்பீட்டின் கதையும் அதுதான். சட்டம் வரம் கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. பூசாரி இன்னும் சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

முதலில் வரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கே இது தெரியாது. 2008-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி 357-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2009 டிசம்பர் 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது புதிய சட்டத்தில் அதுவே 396-வது பிரிவு. குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்து இழப்பீடு கேட்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

பெண்களுக்காகத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-ல் தனித் திட்டம் ஒன்று வகுத்தது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதில் ஓர் அட்டவணை உண்டு. எந்தப் பாதிப்புக்கு எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அதில் ஒரு வரி: கடுமையான உடற்காயம், அல்லது மறுவாழ்வு தேவைப்படும் மனக்காயம் என்றால் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. உடற்காயத்தையும் மனக்காயத்தையும் ஒரே வரியில், ஒரே தொகையில் வைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மனக்காயத்தை யார் அளப்பது, எப்படி அளப்பது என்று அந்த வரியில் இல்லை. விதியில் இல்லாத இடத்தில் கோப்பு என்ன செய்யும் என்று, ஆயுள் முழுவதும் கோப்பு பார்த்த எனக்குத் தெரியும். சான்றிதழ் கேட்கும். உடற்காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, தையல் கணக்கு இருக்கிறது. மனக்காயத்துக்கு என்ன இருக்கிறது? "போய் மனநல டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் மேசையில் இருப்பவருக்கு வேலை முடிந்தது.

என் கட்சி இதுதான். குற்றம் நடந்தது என்பது தெரிந்துவிட்டால், மனக்காயமும் நடந்தது என்றே எடுத்துக்கொண்டு குறைந்தபட்சத் தொகையை உடனே கொடுக்க வேண்டும். மனநல மருத்துவர் சிகிச்சைக்கு இருக்கட்டும். தொகையைக் கூட்டிக் கொடுப்பதற்கு இருக்கட்டும். வாசலில் மறித்து நிற்கும் காவல்காரராக அவரை ஆக்க வேண்டாம்.

இது ஒன்றும் ஊரில் இல்லாத வழக்கம் இல்லை. சாலை விபத்து வழக்கில் கணவனை இழந்தவளுக்குத் துணை இழப்புக்காக 40,000 ரூபாய் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் பத்து சதவீதம் கூட்டச் சொன்னது. அவள் அழுதாளா, தூங்கினாளா என்று எந்த டாக்டரும் எழுதித் தர வேண்டியதில்லை. கணவன் செத்தால் மனைவிக்குத் துயரம் உண்டு என்பதற்கு அத்தாட்சி எதற்கு? லாரி மோதிச் செத்தவனின் மனைவிக்குக் கொடுக்கும் நம்பிக்கையை, அரிவாளால் வெட்டுப்பட்டுச் செத்தவனின் மனைவிக்குக் கொடுக்கக் கூடாதா?

நம் மாவட்டத்திலேயே பார்த்தோமே. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞனை மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பெண்ணுக்கும் தலையில் வெட்டு. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. டிவியில் பார்த்த நமக்கே பல நாள் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் நின்றவளின் மனம் காயப்பட்டதா இல்லையா என்று ஒருவர் உட்கார்ந்து சந்தேகப்பட முடியுமா?

இனி, அளக்கும் கோலைப் பார்ப்போம். மனநோயால் வரும் ஊனத்துக்குச் சான்றிதழ் கொடுக்க நம் நாட்டில் 'ஐடியாஸ்' என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த நெறிமுறையிலும் அதுதான். தன்னைத் தானே பராமரிப்பது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண். நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் 1, பத்து வருடத்துக்கு மேல் என்றால் 4. நாள்பட்ட மனநோயாளிகளுக்கு இது சரியாக இருக்கலாம். போன மாதம் தாக்கப்பட்ட பெண்ணை இதில் வைத்து நிறுத்தால் தராசு அசையவே அசையாது.

அதிலும் நம் ஊர்ப் பெண்களை நினைத்துப் பாருங்கள். சிட்கோவில் பனியன் கம்பெனிக்குப் போகிறவள், என்ன நடந்தாலும் மறுவாரம் ஷிப்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வாடகை இருக்கிறது, சீட்டுப் பணம் இருக்கிறது, பிள்ளை பீஸ் இருக்கிறது. வேலைக்குப் போகிறாயா என்று கேட்டால் போகிறேன் என்பாள். குளிக்கிறாயா, சமைக்கிறாயா என்றால் ஆமாம் என்பாள். எல்லாவற்றுக்கும் சுழி. ஆக, வீட்டில் படுத்துக்கொள்ள வசதி உள்ளவளுக்குத்தான் மனக்காயம், வயிற்றுக்காக எழுந்து போகிறவளுக்கு இல்லை என்று ஆகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே விடுதியில் தங்கி வேலை செய்கிற பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். தன் மொழியில் கேட்க ஆள் இல்லாமல் எந்த மனதை யார் அளப்பது?

காலக் கணக்கும் ஒத்துவரவில்லை. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை ஒரு மாதம் கடந்த பிறகுதான் உறுதி செய்ய வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேட்டின் விதி. சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழு அறிகுறியும் தெரியும் என்றும் அதுவே சொல்கிறது. துணியில் ஓட்டை இருந்தால் செக்கிங் மேசையிலேயே தெரிந்துவிடும். சாயம் நிற்குமா வெளுக்குமா என்பது துவைத்தால்தான் தெரியும். இது திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு மாத விசாரணையில் ஒரே ஒரு நாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து வாங்கும் சீட்டு, செக்கிங் மேசைச் சீட்டுதான்.

ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் என்னிடம் மனு எழுத வருவதுண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வரும் வழியில் தாக்கப்பட்ட ஒரு பெண் வந்திருந்தார். கையிலிருந்த கீறல் ஆறிவிட்டது. இருட்டினால் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஓர் அலுவலகத்தில் மனநல டாக்டரின் கடிதம் கேட்டிருக்கிறார்கள். "எனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாங்களாங்க சார்? நாளைக்கு எம் பொண்ணுக்கு மாப்ள பாக்க வேண்டாமுங்களா?" என்றார். நான் எவ்வளவோ சொல்லியும் மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிற நாம், அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரி வாயாலும் அரசாணையிலும் வெளியே வந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயரையே காக்க முடியாத கோப்பு, மனநலச் சீட்டைக் காக்குமா? 2017 மனநலச் சட்டம் ரகசியத்தை உரிமை என்கிறது. ஆனால் அதே சீட்டை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் வைத்துக்கொண்டு, "இவர் மனநிலை சரியில்லாதவர், சாட்சியை எப்படி நம்புவது?" என்று கேட்கமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இழப்பீட்டுக்கு மனம் கெட்டிருக்க வேண்டும், சாட்சிக்கு மனம் கெட்டிருக்கக் கூடாது. அவள் எங்கே போவாள்?

பிரெஞ்சுக்காரர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்கிறேன். அந்த மொழியில் பள்ளிப் படிப்பு படித்ததால் அவர்கள் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 1977-லேயே தனி ஆணையம் வைத்தார்கள். கடும் குற்றங்களுக்கு முழு இழப்பீடு என்று 1990-ல் சட்டம் செய்தார்கள். பட்ட வேதனையை ஒன்று முதல் ஏழு வரை அளக்கிறார்கள். உடல் வேதனையும் மன வேதனையும் அதில் சேர்த்தி. அங்கும் டாக்டர் இருக்கிறார், அங்கும் பாதிக்கப்பட்டவர்கள் அவரைப் பற்றிக் குறைப்படுகிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை. ஒன்று, காயம் ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் இறுதிக் கணக்கு. அதுவரை முன்பணம் கொடுக்கலாம். இரண்டு, பிறகு நிலைமை மோசமானால் கணக்கைத் திரும்பத் திறக்கலாம்.

நம் 2018 திட்டத்திலேயே இடைக்கால உதவி உண்டு. உச்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆக, கதவு இருக்கிறது, திறக்கத்தான் ஆள் வேண்டும்.

"அப்படிக் கொடுத்தால் பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்களே" என்பார்கள். நானும் அரசு மேசையில் இருந்தவன்தான். பொய் மனு வராமலா இருக்கும்? குற்றம் நடந்ததா என்று போலீஸ் விசாரிக்கட்டும், ஆணைக்குழு விசாரிக்கட்டும். அது போதும். தான் கெடுக்கப்பட்டேன், தாக்கப்பட்டேன் என்று ஊரறியச் சொல்லி, ஸ்டேஷன் ஏறி, கோர்ட் ஏறி, ஷிப்ட் சம்பளத்தை இழந்து ஒரு லட்சத்துக்காகப் பொய் சொல்ல எத்தனை பேர் வருவார்கள்? வந்த சிலருக்குப் பயந்து, வராமலே போன பலரை மறந்துவிடுகிறோம்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ல் நடந்த கொடுமை. 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அந்த மலைக்கிராமத்துக்குத் தாமே போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-ல் பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். போய்ப் பார்க்கிற கண்ணுக்கு மனக்காயம் தெரியும். அதற்கு முப்பத்தொரு வருடம் ஆனதுதான் வெட்கக்கேடு.

எனவே கேட்பது நான்கு. குறைந்தபட்சத் தொகைக்கு மனநலச் சான்றிதழ் கேட்கக் கூடாது. சிகிச்சை முதலில், மதிப்பீடு பிறகு. இரண்டையும் ஒரே டாக்டர் செய்யக் கூடாது. மதிப்பீடு அவளுடைய மொழியில், அவள் ஷிப்ட் இல்லாத நேரத்தில், மூடிய உறையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மோசமானால் மறுபடி மனு கொடுக்க வழி வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. நமக்கு நேரம் இருக்கிறது, அலுவலக பாஷை தெரியும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைச் சொல்லுங்கள். தூக்கமில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மனு கொடுக்கக் கூடவே போங்கள். "சான்றிதழ் எந்த விதியில் கேட்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு வெள்ளைத் தலை பக்கத்தில் நின்று கேட்டால், மேசையில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார்.