பச்சையா தெரியுது அக்கா!

வானொலியில் பேசுகிறவளிடம் பாட்டு கேட்பார்கள், பிறந்தநாள் வாழ்த்து கேட்பார்கள். கோலா கங்சாரிலிருந்து ஒரு தம்பி கேட்டது வேறு. "அக்கா, நான் வெல்டிங் கடையில வேலை செய்யுறேன். தொப்பியைப் போட்டா எல்லாமே பச்சையா, மங்கலா தெரியுது. கோடு பிடிக்க முடியல. நூறு வெள்ளிக்கும் தொப்பி இருக்கு, ஆயிரம் வெள்ளிக்கும் இருக்கு. எதை வாங்குறது?"

நல்ல கேள்வி. கோலா கங்சார் பக்கம் காராயில், பேராக் ஆற்றின் மேல் நிற்கும் விக்டோரியா ரயில் பாலம் 1900-இல் திறக்கப்பட்டது. அதன் இரும்பெல்லாம் ரிவெட் அடித்து இணைத்தவை. இன்று நம் வீட்டு கேட், ஜன்னல் கிரில், செம்பனை ஏற்றும் லோரி எல்லாமே வெல்டிங்தான். நம் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடும் தொழில் இது.

முதலில், இருட்டு வேறு, தெளிவு வேறு. கண்ணாடியில் 9 முதல் 13 வரை உள்ள எண் இருட்டின் அளவு. நூறு ஆம்பியரில் குச்சி வெல்டிங் செய்கிறவருக்கு 10 அல்லது 11 சரியாக இருக்கும். கோடு தெரியவில்லை என்பதற்காக எண்ணை இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. கொஞ்சம் இருட்டாக ஆரம்பித்து, உருகும் இரும்பு நன்றாகத் தெரியும் வரை ஒவ்வோர் எண்ணாக இறங்கலாம். உங்கள் ஆம்பியருக்கான குறைந்தபட்ச எண் தொப்பியோடு வரும் அட்டவணையில் இருக்கும். அதற்குக் கீழே போக வேண்டாம்.

தெளிவைச் சொல்வது வேறு நான்கு எண்கள். தானாக இருளும் கண்ணாடிகளில் 1/1/1/2 என்பது போல அச்சிட்டிருப்பார்கள். இது ஐரோப்பியத் தர அளவு. 1 சிறந்தது, 3 கடைசி. முதல் எண், உருவம் நெளியாமல் தெரிகிறதா என்பது. இரண்டாவது, பனி மூட்டம் போல மங்குகிறதா என்பது. மூன்றாவது, கண்ணாடி முழுவதும் ஒரே அளவு இருட்டா என்பது. நான்காவது, சாய்ந்து பார்த்தாலும் அதே இருட்டு நிற்கிறதா என்பது. கேட்டுக்கு அடியில் படுத்தும் வளைந்தும் வேலை செய்கிறவருக்கு நான்காவது எண் முக்கியம். இந்த எண்களே இல்லாத கண்ணாடி என்றால், விலை மலிவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

அடுத்து நிறம். பழைய வகைக் கண்ணாடிகள் பச்சையாகத்தான் காட்டும். 'ட்ரூ கலர்' என்று வரும் புதிய வகைகள் இயல்பான நிறத்துக்கு நெருக்கமாகக் காட்டும். உருகிய இரும்பு எது, மேலே மிதக்கும் கசடு எது என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

ஆனால் புதுத் தொப்பிக்குக் காசு எடுக்கும் முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் தீப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாக இருக்கும். உள்பக்கத் தகட்டில் வியர்வையும் தூசியும் படிந்திருக்கும். சில வெள்ளியில் மாற்றக்கூடியவை இவை. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால், வெளி வெயில் தொப்பிக்குள் புகுந்து கண்ணாடியில் பிரதிபலிக்கும். திரும்பி நில்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் உள்ளே பொருத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கலாம்.

தெளிவாகத் தெரியாததால் வரும் பெரிய ஆபத்து, "ஒரே ஒரு புள்ளிதானே" என்று தொப்பியைத் தூக்கிவிட்டு வைப்பது. அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரியும். பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளருக்கும் இதே கதிதான். வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரும் புகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வகைப்படுத்தியது. அதனால் கண்ணாடி எவ்வளவு தெளிவோ, தொப்பி அவ்வளவு நேரம் முகத்திலேயே இருக்கும்.

தம்பியின் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்டார். யார் வாங்குவது என்று அவர் கேட்கவே இல்லை. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். இரண்டு பேர் வேலை செய்யும் சின்னக் கடையும் அதில் அடக்கம். சட்டப்படி பாதுகாப்புக்காகத் தரவேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது அதன் 26-ஆவது பிரிவு.

தம்பி, அந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். சண்டை வேண்டாம். கோடு நேராக வந்தால் அரைத்துத் திருத்தும் வேலை மிச்சம், அது அவருக்கும் லாபம் என்று சொல்லுங்கள். வீட்டில் இதைப் படிக்கும் அம்மாமார்களே, மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால் "தூக்கம் பத்தல" என்று விட்டுவிடாதீர்கள். தொப்பி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.