அப்பா கேட்ட தார் ரோடும் நான் தேடிப்போன கப்பி ரோடும்

ரொம்ப நாள் கழித்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். செமஸ்டர், ப்ராஜெக்ட் என்று வழக்கமான சாக்குகள் எல்லாம் உண்டு, விடுங்கள். போன வாரம் ஊருக்கு போன் பண்ணியபோது நடந்த பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"அப்பா, பிட்ஸ்பர்க்லேர்ந்து வாஷிங்டன் வரைக்கும் சைக்கிள்லயே போயிட்டேன்."

"ஏன், பஸ் இல்லியா?"

"இருக்குப்பா. இது ஆத்தோரமாவே போற பாதை. தார் ரோடு கிடையாது, கப்பி ரோடு. அதுல ஓட்டத்தான் இங்க சனங்க வருவாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "நம்ம தெருவுக்கு தார் போடுங்கன்னு எத்தன மனு குடுத்திருப்பேன்! நீ என்னடான்னா ஏரோப்ளேன் ஏறிப்போயி கப்பி ரோட்டத் தேடி ஓட்டுற."

நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் பாதையைப் பற்றி. பிட்ஸ்பர்கில் தொடங்கி கம்பர்லாண்ட் என்கிற ஊர் வரை 150 மைல், 'கிரேட் அலகெனி பாசேஜ்'. பழைய ரயில் தண்டவாளங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கிப் பரப்பியிருக்கிறார்கள். 1986-ல் ஓஹியோபைல் பக்கம் முதல் துண்டு திறந்தார்கள், 2013-ல்தான் முழுசாக முடிந்தது. கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டன் வரை இன்னொரு 184.5 மைல், பொடோமாக் ஆற்றை ஒட்டி வெட்டிய பழைய படகுக் கால்வாயின் கரை. கோவேறு கழுதைகள் அந்தக் கரையில் நடந்துகொண்டே கயிறு கட்டிப் படகை இழுத்த காலம் ஒன்று இருந்தது. இரண்டும் சேர்த்தால் 538 கிலோமீட்டர். எனக்கு எட்டு நாள் ஆனது.

இந்த மாதிரிப் பாதைக்கென்றே 'கிராவல் பைக்' என்று ஒரு ரகம் வந்திருக்கிறது. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் மட்டும் தடி. நல்லதாக வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல். நம்ம ஊர் பேப்பரில் 'கிராவல் மண் கடத்தல்' என்று வருமே, அதே கிராவல்தான்! என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சாதா சைக்கிள். அதுவே போதுமானதாக இருந்தது. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் பாதையும் ஏறாது. மலை மேல்தான் போகிறோம் என்பதே தெரியாமல் 2,392 அடி உயரத்துக்குப் போய்விடுகிறோம். மேயர்ஸ்டேல் தாண்டியதும் மேடும் பள்ளமுமாகப் பண்ணை நிலங்கள். அங்கே ஓரிடத்தில், இந்தப் பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கும் அந்தப் பக்கம் விழும் மழை அட்லாண்டிக்குக்கும் போகும் என்று எழுதியிருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள் :)

எல்லாமே சொகம் என்று சொல்ல மாட்டேன். ஆறாம் நாள் நல்ல மழை. கால்வாய்க் கரையில் சேறு மட்கார்டுக்குள் அடைத்து சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டி நோண்டி, நாலு மைல் தள்ளிக்கொண்டே நடந்தேன். அப்போது அப்பா மாதிரியே நானும் 'இதுக்கு ஒரு தாரைப் போட்டுத் தொலைச்சா என்ன?' என்று கத்தினேன்.

போட்டிருப்பார்கள் என்பதுதான் விஷயம். 1924 வெள்ளத்தோடு அந்தக் கால்வாயில் படகு நின்றுபோனது. 1938-ல் அரசாங்கம் அதை வாங்கியது. அப்புறம் கரையோரமாகக் கார் ஓடும் சாலை போடத் திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. வில்லியம் டக்ளஸ் என்று ஒருவர், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. தலையங்கம் எழுதியவரை 'என்னோடு முழுக் கரையும் நடந்து பாருங்கள், அப்புறம் உங்கள் கருத்து மாறும்' என்று கடிதம் போட்டுக் கூப்பிட்டார். மார்ச் மாதம் கம்பர்லாண்டிலிருந்து கிளம்பினார்கள். எட்டு நாளில் முழுதும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971-ல் அது தேசியப் பூங்காவானது. 1996-ல் ஒரே வருஷத்தில் இரண்டு பெருவெள்ளம் வந்து கரையைத் தின்றது, திரும்பவும் சரி செய்தார்கள். இன்றைக்கும் அங்கே கார், மோட்டார் பைக் எதுவும் ஓட்டக்கூடாது.

சரி, இப்போது அப்பா பக்கம்.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. ஒரு ஐப்பசி மழை ராத்திரி என் அத்தைக்குப் பிரசவ வலி. மெயின் ரோட்டில் வந்த கார் எங்கள் தெருவுக்குள் வர முடியாமல் நின்றுவிட்டது. முழங்கால் சேற்றில் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அத்தை பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. மண் ரோடு அழகு என்று சொல்கிறவன் முதலில் அந்தக் கட்டிலின் ஒரு காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். என் அப்பா தூக்கியவர். அவர் ஏன் மனு மேல் மனு கொடுத்தார் என்று எனக்குப் புரிகிறது. 2011-ல் தெருவுக்கு தார் வந்தது. சந்தோஷம்.

ஆனால் இப்போது இன்னொரு மனு சுற்றுகிறது. வெண்ணாற்றங்கரை மேலேயும் தார் போட வேண்டுமாம், டவுனுக்குப் போக மூன்று கிலோமீட்டர் மிச்சமாகுமாம். அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் சண்டை அங்கேதான். ஆள் குடியிருக்கிற தெரு வேறு, ஆற்றங்கரை வேறு. கரை என்பது தண்ணீரைத் தடுக்கக் கொட்டிய மண். அதன் மேல் இருக்கும் பாதை, வெள்ளக் காலத்தில் உடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவர. தார் போட்டால் முதலில் டூவீலர் வரும், அப்புறம் கார் வரும், ராத்திரியில் மணல் லாரி வரும். அத்தனை பாரம் அந்த மண் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் அந்தக் கரையில்தான் பள்ளிக்கூடம் போனேன். எங்களோடு வந்த பெண் பிள்ளைகளை வீட்டில் மெயின் ரோட்டில் விடமாட்டார்கள், கரையில் விடுவார்கள். லாரி வராது என்கிற ஒரே தைரியம்தான். ஆயிரம் டாலர் சைக்கிளில் இங்கே தேடுகிற அதே பாதையை, இலவச சைக்கிளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தினமும் ஓட்டுகிறார்கள். யாரும் அதற்கு 'கிராவல்' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மழையில் கரை சேறாகிறது என்றால் சரளை கொட்டி நன்றாக இறுக்குங்கள். இங்கே பாதை ரோட்டைக் குறுக்கிடும் இடங்களில் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். சைக்கிள் நுழையும், கார் நுழையாது. அதையும் செய்யலாம். தாருக்கு வைத்திருக்கும் காசு? எங்கள் ஊர் காலனித் தெரு இன்றைக்கும் மண் தெருதான். அங்கேயும் ஐப்பசி வரும், அங்கேயும் பிரசவ வலி வரும். முதலில் அதற்கு மனு எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இதையெல்லாம் நேற்று அப்பாவிடம் சொன்னேன். நீதிபதி நடந்த கதையையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஊருல எந்த ஜட்ஜு வந்து நடக்கப் போறாரு?" என்றார்.

"ஜட்ஜு வேணாம்ப்பா. பொங்கலுக்கு வரேன், நாம ரெண்டு பேரும் கல்லணை வரைக்கும் கரையிலயே போவோம். அப்புறம் நீங்களே சொல்லுங்க."

"எனக்கு முட்டி வலி. சைக்கிள்ல பின்னாடி ஒக்கார வச்சு மிதிச்சேன்னா வரேன்" என்றார்.

மிதிக்கிறேன். வழி முழுக்க கப்பிதான், கேரியரில் உட்கார்ந்தால் முதுகும் வலிக்கும் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.