பழைய காதலைத் தேடிப் போக இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டும்



'ப. பாண்டி' வந்து இத்தனை வருடம் கழித்து அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், சேலத்தில் நடந்த ஒரு மாணவர் சந்திப்பு. சாதி மறுப்புக் காதல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "எல்லாப் படத்துலயும் சாதியத் தேடணுமாண்ணா? வயசான ஒரு மனுசன் பழைய காதலியப் பாக்கப் போறாரு. அதுல என்ன தப்பு?" நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஓய்வுபெற்ற ஸ்டண்ட் மாஸ்டராக ராஜ்கிரண். மகன் வீட்டில் வேண்டாத விருந்தாளிபோல ஆகிப்போன அப்பா, ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஃபேஸ்புக்கில் தேடி, ஹைதராபாத்தில் இருக்கும் ரேவதியின் வாசலில் போய் நிற்கிறார். அறுபது வயதிலும் மனசு உண்டு என்று சொல்வதில் என்ன தவறு? நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

அந்தப் படம் வெளியான நாள் 2017 ஏப்ரல் 14. திரையரங்குக்குத் தமிழ்ப் புத்தாண்டு, நமக்கு அண்ணல் பிறந்த நாள். சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்று 1936இலேயே எழுதிவைத்த மனிதரின் பிறந்த நாளில், பிரிந்த காதலைப் பற்றி ஒரு படம் வருகிறது. பிரிவு எப்படி நடந்தது? பெண்ணை வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள், பையன் யார், பெண் யார் என்று படம் தோண்டுவதில்லை. விதி பிரித்தது, வயதான பிறகு விதியே சேர்த்தும் வைக்கிறது. இடையில் நாற்பது வருடம் போய்விட்டது என்று நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறோம்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படிப்பை அப்போதுதான் முடித்த கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் கூடப் படித்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். கவனியுங்கள், பேசிக்கொண்டிருந்தார். அவர் நம்மவர், அந்தப் பெண் ஆதிக்க சாதி. அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். சிவனும் பார்வதியும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கும் கோயில் அது. அங்கே ஒரு பையனும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அவருடைய தாய் ஏழு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு, 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. இது நீங்கள் அறிந்த செய்தி. நான் சொல்ல வருவது நடுவில் நடந்ததை. அந்தப் பெண் பிறழ் சாட்சியானார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே அவரை வரவழைத்து, கோயில் சிசிடிவி காட்சியைப் போட்டுக் காட்டி, இது யார் என்று கேட்டார்கள். திரையில் தெரிவது தான் என்பதையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தது யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தையும் இந்தக் காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பெண் நாற்பது வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கும் மனிதனை அடையாளம் கண்டு சிரிக்கிறார். இங்கே ஏழே வருடத்தில் ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தைக்கூட அடையாளம் சொல்ல முடியவில்லை. இன்று இருந்திருந்தால் கோகுல்ராஜ் முப்பதைத் தாண்டியிருப்பார், அவருக்கும் குழந்தை குட்டி இருந்திருக்கும். காலேஜில் கூடப் படித்த தோழியைப் பற்றி என்றைக்காவது அதற்குச் சொல்லியிருப்பார்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2013 ஜூலை 4 அன்று, பக்கத்து மாவட்டமான தருமபுரியில் இளவரசனும் தண்டவாளத்தின் ஓரம்தான் கிடந்தார். நாமக்கல்காரரான பெருமாள்முருகன் அவருக்குத்தான் 'பூக்குழி' நாவலைச் சமர்ப்பித்தார்.

"அப்படின்னா எங்க ஊருல பழைய காதல்னு சொல்லிச் சிரிக்கிறவங்களே இல்லையா?" என்று அந்தத் தம்பி கேட்டிருக்கலாம். இருக்கிறார்கள். நாமக்கல் பக்கம் எந்த ஊர் டீக்கடையிலும் காலையில் போய் உட்காருங்கள். தோட்டங்காடு வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் ஆரம்பிப்பார்: "அந்தக் காலத்துல நம்ம பண்ணையத்துக்கு ஒருத்தி வருவா..." பெஞ்சே சிரிக்கும். அவருடைய மகனும் சிரிப்பான், அப்பன் பெரிய ஆள்தான் என்று. அந்த 'ஒருத்தி' ரோட்டுக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுக்க உட்கார்ந்திருப்பாள். அது காதலா, கூலிக்கும் சோற்றுக்கும் பயந்து வாய் திறக்காமல் இருந்ததா என்று அவளிடம் இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

இதுதான் தம்பி, அன்றைக்கு நான் சரியாகச் சொல்லாத பதில். ஆதிக்க சாதி ஆண் காலனிப் பெண்ணிடம் வந்தால் அது வயதான பிறகு சொல்லிச் சிரிக்கும் கதை. காலனிப் பையன் அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் பேசினால் தண்டவாளம். ஒரே ஊர், ஒரே வயசு, ஒரே ஆசை. அப்பா அம்மாவின் பழைய காதலை வைத்து சிரிப்புப் படம் எடுக்கிறவர்கள் இந்த இரண்டில் எதிலிருந்து கதை எடுக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் பார்க்க முடியாது.

தங்கர் பச்சானின் 'அழகி' (2002) நினைவிருக்கிறதா? கதாநாயகன் டாக்டர், மனைவி குழந்தைகளோடு வசதியாக இருக்கிறார். அவருடைய முதல் காதலி தெருவோரத்துக்கு வந்து, கடைசியில் அவர் வீட்டிலேயே வேலைக்காரியாகச் சேர்கிறாள். நல்ல படம், நானும் அழுதேன். ஆனால் பின்னோக்கிப் பார்த்து ஏங்குகிற வேலை அவருக்கு, பாத்திரம் தேய்க்கிற வேலை அவளுக்கு.

2018 செப்டம்பர் 28இல் 'பரியேறும் பெருமாள்' வந்தது. அதே வாரம், அக்டோபர் 4இல், '96' வந்தது. ஊரே '96' பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடக் காதலை நினைத்துப் பெருமூச்சு விட்டது. பரியேறும் பெருமாளில் ஜோவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது, தன் வீட்டார் பரியனை என்ன செய்தார்கள் என்பது, தண்டவாளத்தில் அவனைக் கொல்லப் பார்த்தது, எதுவுமே. அந்த ஜோ நாளைக்கு ஒரு தாயாகி, மகள் கேட்டால் என்ன சொல்வாள்? "லா காலேஜ்ல ஒரு பையன் இருந்தான், ரொம்ப நல்லவன், என்னமோ விலகிப் போயிட்டான்." அழகான கதை. அதை வைத்து இன்னொரு 'ப. பாண்டி' எடுக்கலாம்.

படம்தானே என்று விடச் சொல்கிறார்கள். பிரிவை விதி என்று பழக்கிவிட்டால், அதற்குச் சட்டம் எதற்கு என்று கேட்பது சுலபமாகிவிடும். சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் எல்லாம் வேண்டும் என்று 2018 மார்ச்சிலேயே சொன்னது. இங்கே 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் வெட்டப்பட்ட பிறகுதான், அக்டோபரில், நீதிபதி கே.என். பாஷா தலைமையில் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஆணையம் என்று அறிவிப்பு வந்தது. கண்ணகி-முருகேசன் கொலை நடந்தது 2003இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'ப. பாண்டி'யை அம்மாவோடு வீட்டு டிவியில்தான் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவள். ராஜ்கிரண் ரேவதியைப் பார்க்கும் இடத்தில், "அந்தம்மா உசுரோட இருக்குது பாரு கண்ணு, அதுவே பெருசு" என்றாள். உனக்கு அப்படி யாராவது இருந்தாங்களா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இருந்துச்சு. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வாரப்ப சைக்கிள நிறுத்திப் பேசும்."

"அப்பறம்?"

"அப்பறம் வல்லை."

"ஏன் வரலைன்னு கேக்கலியா?"

"யாரப் போயிக் கேக்கறது?"

எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டேன். "பேரெல்லாம் இப்ப எதுக்கு" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.