உடல் நலப் பக்கம்: மணநாளும் ஊசிநாளும்



கலியாண காலம் நெருங்குகிறது. பந்தற்காரர், சமையற்காரர், பங்குக் குரு ஆகிய மூவரின் வசதியையும் பார்த்து நாள் குறிக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு ஊசிநாள் குறித்திருந்தால் அதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஊசிகளில் சில ஒருநாள் பொறுக்கும், சில பொறுக்கா. நாய்க்கடி ஊசியைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த மார்டள்ளியில், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வீடு ஒன்றை மனத்தில் கொள்வோம். பெண்ணுக்குத் திங்கட்கிழமை விவாகம். மாப்பிள்ளை ஊர் மேட்டூர்ப் பக்கம். கோவிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று. அதற்கு முந்திய திங்களன்று பெண்ணின் தம்பியைத் தெருநாய் கடித்துவிடுகிறது. “கலியாணம் முடியட்டும் அண்ணி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாரேனும் ஒருவர் சொல்லத்தான் செய்வார். அந்தச் சொல்லைக் காதில் வாங்காதீர்கள். வெறிநோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை. ஏறக்குறைய எல்லோரும் மாண்டுபோகின்றனர்.

முதற்காரியம், கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் கசியும் காயமானால், தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரத்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். தடுப்பூசியால் உடல் தன் வலிமையைத் திரட்டச் சில நாட்களாகும். அதுவரை காவல் நிற்பது இந்தச் சீரம். முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்தபின் அதனால் பயனில்லை. ஆகவே முதல் நாளைத் தள்ளிப்போட எந்தக் கலியாணமும் காரணமாகாது.

இனி மற்ற நாட்கள். முதல் ஊசி போட்ட நாளே பூஜ்ய நாள். அதை ஒன்றாம் நாளென எண்ணிக் குழம்புவோர் பலர். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி; தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேரும். எம்முறை என்பதை முதல் நாளே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நம் சிறுவனுக்கு 3ஆம் நாள் வியாழன். 7ஆம் நாள் திங்கள், அதாவது மணநாள்.

என்ன செய்வது? சீட்டைக் கையோடு கொண்டுபோவதே வழி. மேட்டூரிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. எந்த ஊரில் தொடங்கிய ஊசியையும் வேறோர் ஊரில் தொடரலாம். ஊசி இலவசம். தாய்மாமன் ஒருவர் காலையில் பையனை அழைத்துப் போனால் பூசைக்குத் திரும்பிவிடலாம். அதுவும் இயலாமற் போயின் மறுநாளே போட்டுக்கொள்ள வேண்டும். ஒருநாள் தவறியதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஞ்சிய நாட்களை டாக்டரே குறித்துக் கொடுப்பார். கலியாணத்துக்கு இடைஞ்சலென்று முன்கூட்டியே போட்டுக்கொள்வது மட்டும் ஆகாது.

பத்தியம் ஒன்றுமில்லை. பையன் விருந்தில் பிரியாணி தாராளமாக உண்ணலாம். மதுவைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பார்கள். அதை ஊசிக்காக அன்று, பந்தலின் அமைதிக்காக வேண்டாமென்பேன்!

வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் அச்சுறுத்துவதுண்டு. அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆட்டின் மூளையிலிருந்து செய்த பழைய மருந்தை அப்படித்தான் போட்டனர். 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் அம்மருந்து நின்றது. நமக்கு அயலிலுள்ள நீலகிரியில், குன்னூரில், 1907ஆம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் நிலையம் இம்மருந்தின் வரலாற்றில் பெரும்பங்கு கொண்டது. 1885ஆம் ஆண்டில் பாரிசில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் பதின்மூன்று ஊசிகள் போடச் செய்தார். இன்று கையின் மேற்புறத்தில் போடுகின்றனர். சிறுவன் சிணுங்குவதோடு சரி.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க முடிந்து, அது நலமாக இருந்தால், மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அந்தப் பத்து நாளைக் காரணம் காட்டித் தொடங்காமலே இருப்பது வேறு விஷயம், அது கூடாது.

2022, 2023 ஆண்டுகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் பல மாநிலங்களில் வீடுவீடாக விசாரித்தனர். நாய்க்கடிக்கு ஒரு தடுப்பூசியேனும் போட்டுக்கொண்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் முழுவதையும் முடிக்கவில்லையாம். எனக்கு இது வியப்பாக இல்லை. காயம் ஆறிவிடுகிறது; கூலிவேலைக்குத் திருப்பூரோ பெங்களூரோ போய்விடுகிறோம். நம் கலியாண வீட்டிலும் 28ஆம் நாள் வரும்போது பந்தல் பிரித்து, மறுவீட்டு விருந்தும் முடிந்திருக்கும். பையனுக்கு ஊசி பாக்கி என்பது யாருக்கும் நினைவிராது.

எல்லா வீட்டிலும் பத்திரமாக இருப்பது மொய் நோட்டுத்தான். அதன் முதற் பக்கத்தில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள்.