படம் வரையும் விளையாட்டும் எங்கள் கருத்தும்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஏற்காட்டில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி வந்து விளையாட்டுத் திடலை மறைத்துவிடும். எதிரேயுள்ள சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடிகளும்கூடத் தெரியமாட்டா. வளைப்பந்தை உள்ளே வைத்துவிட்டு நாங்கள் விடுதிக் கூடத்துக் கரும்பலகை முன் உட்கார்ந்துவிடுவோம். ஒருத்தி படம் வரைவாள். மற்றவர்கள் அது என்னவென்று சொல்லவேண்டும்.

எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் சேலத்தில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, இதே போன்றதொரு விளையாட்டைக் கைப்பேசிக்காகச் செய்துவருகிறார். பெரிய கம்பெனி எதுவுமில்லை. வேலை முடிந்து வந்து இரவில் செய்வதுதான். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறன்று வந்தவர், "புதுப்புது ஆட்டமுறைகளாக யோசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய்விட்டார். விடுதியில் கைப்பேசிக்கு இடமில்லை. ஆகையால் எங்கள் சோதனையெல்லாம் கரும்பலகையில்தான்.

முதலில் பிறர் செய்ததைப் பார்த்தோம். 1985-இல் அமெரிக்காவில் ராப் ஏஞ்சல் வெளியிட்ட பிக்ஷனரியில் மணற்கடிகாரம் உண்டு. 2016-இல் கூகிள் வெளியிட்ட குவிக் டிராவில் இருபதே விநாடிகள், ஊகிப்பதும் இயந்திரமே. 2012-இல் புகழ்பெற்ற டிரா சம்திங் மட்டும் கடிகாரத்தை விட்டுவிட்டது. அதில் வரைபவரும் ஊகிப்பவரும் சேர்ந்தே காசு பெறுவர். ஆயினும் எதிலும் படம் அடையாளம் தெரியும்படி அமைய வேண்டும்.

அங்கேதான் எங்களுக்கு ஒரு சங்கடம். சென்ற ஆண்டு எங்களில் ஒருத்தி பலாப்பழம் வரைந்தாள். "முள்ளம்பன்றி!" என்று கூடமே சிரித்தது. சிரித்தவர்கள் வேறு யாருமல்லர், நாங்களே. அவள் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போனவள், பிறகு வரைய வரவேயில்லை. எந்த ஆட்டமுறை சொன்னாலும் அவள் ஆடக்கூடியதா என்று கேட்டுக்கொள்வது என முடிவு செய்தோம். கண்ணைக் கட்டிக்கொண்டு வரைவது என்றொரு யோசனை வந்தது. எல்லாருடைய படமும் கெட்டுப்போகும் என்பதைத் தவிர அதில் சுவையில்லை.

எங்களுக்குப் பிடித்தது கம்பிக் கோலம்தான். அதில் படம் எதைப் போலவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளியும் விடுபடாமல் கோடு சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே சேரவேண்டும். கை நடுங்கிக் கோடு வளைந்தாலும் விதி பிழைக்காது. இருவர் மாற்றி மாற்றி ஒவ்வொரு வளைவாகப் போட்டு ஒரே கோலத்தை முடிப்பது எங்கள் ஆட்டம். பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோரிடத்திலும் கம்பி வெட்டிச் செல்லுமாறு போட்டால், 3 வரிசையில் நான்கு நான்கு புள்ளிகள் ஒரே கம்பியில் முடிந்துவிடும். மும்மூன்றாக வைத்தால் மூன்று கம்பிகள் வேண்டும். 4-க்கு 6 என்றால் இரண்டு. பலகை நிறையப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று: அது அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி! கணக்குப் புத்தகத்தில் நாங்கள் கொட்டாவி விட்ட பக்கம் அது.

கோலத்தைக் கணினி அறியுமா என்று அண்ணன் ஐயப்படவேண்டாம். சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து, 1974-லேயே கோலங்களுக்குக் கணினி இலக்கண விதிகள் எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கின்றனர்.

ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்துக் கோடு சுற்றுவர். அதற்குச் சோனா என்று பெயர். வரைந்துகொண்டே கதையும் சொல்வார்களாம். கோடு முடியும்போது கதையும் முடியவேண்டும் என்று இன்னோர் ஆட்டம் வைக்கலாம். நாங்கள் ஆடியபோது கோடு முடிந்தும் ஒருத்தியின் கதை முடியவில்லை. இரவு ஜெப மணி அடித்துவிட்டது.

கடிகாரம் வேண்டுமா என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமையில்லை. அவசரம் இல்லாவிட்டால் தூக்கம் வரும் என்கிறது ஒரு கட்சி. மார்கழியில் வெயில் ஏறுமுன் கோலம் போட்டாக வேண்டும், அதுவும் கடிகாரந்தானே என்று அக்கட்சியினர் கேட்டபோது மற்றவர்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எனினும் அவசரப்படும்போதுதான் சிரிப்பும் கேலியும் பிறக்கின்றன என்பது எங்களில் பெரும்பாலோர் கருத்து.

பலாப்பழம் வரைந்த தோழி இப்பொழுது பலகையருகே வருகிறாள். இன்னும் கோடு போடுவதில்லை; புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு, எத்தனை கம்பி வரும் என்று எங்களுக்கு முன்பாகச் சொல்லிவிடுகிறாள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினோம். அண்ணனிடமிருந்து பதில் வந்திருக்கிறது. "எல்லாம் சரி, இருவரும் சேர்ந்தே முடித்தால் யார் வென்றார் என்று திரையில் எப்படிக் காட்டுவது?" என்று கேட்டிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பதில் எழுதவேண்டும்.